தென்னாப்பிரிக்காவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி யாருக்காக?

கேள்வி: கரிசல்காட்டான், 2 நவம்பர் 2025

தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா பக்கம் எச்.ஐ.வி., காசநோய் என்று ஏகப்பட்ட ஆய்வு நடக்கிறது. நான் படித்தவரை எல்லாம் ஒரே கதைதான். அமெரிக்கப் பணம், ஐரோப்பியப் பேராசிரியர், ஆப்பிரிக்க ரத்தம். கம்பெனிக்குச் சோதனை எலிகள் வேண்டும், அங்கே மலிவாகக் கிடைக்கிறார்கள். ஆய்வு பேப்பர் வெளிவந்ததும் எல்லோரும் விமானம் ஏறிவிடுவார்கள். மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு

மறுக்கிறேன். முழுசாக இல்லை, பாதிக்கு மேல்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் சில வருஷம் மருத்துவ ஆய்வுகளுக்கு டேட்டா பார்க்கும் வேலையில் இருந்தேன். கிளினிக்கிலிருந்து வரும் படிவங்களைச் சரிபார்ப்பது, ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்பது, இதுதான் வேலை. டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனால் ஒரு ட்ரையல், அதாவது மருந்துச் சோதனை, எப்படி நடக்கிறது என்று கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில், கேள்வி யாருடையது என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் குரைஷா அப்துல் கரீம், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஊர் மக்களிடையே எடுத்த கணக்கெடுப்பில் பதின்ம வயதுப் பெண்களிடம் எச்.ஐ.வி. அதே வயதுப் பையன்களைவிடப் பல மடங்கு இருப்பது தெரியவந்தது. அவர் டோங்காட் என்ற கரும்பு ஊரில் பிறந்தவர், அந்த மாகாணத்துக்காரர். அப்போது உலகம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்த புத்திமதி மூன்றுதான்: உறவைத் தள்ளிப்போடு, ஒருவரோடு மட்டும் இரு, ஆணுறை போடு. 17 வயதுப் பெண்ணுக்கு இந்த மூன்றில் எது அவள் கையில் இருக்கிறது? ஆணுறை போடுவதும் போடாததும் அவன் இஷ்டம். தனக்கு உண்மையாக இருக்கிறானா என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், தானே பயன்படுத்தக்கூடிய ஒரு தடுப்பு வேண்டும் என்ற தேடல் அங்கே தொடங்கியது. இந்தத் தேவையை வெளியூர்ப் பேராசிரியர் யாரும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கவில்லை.

மீதியை நாளை எழுதுகிறேன், கதை நீளம்.

4 நவம்பர்

தொடர்ச்சி. அந்தத் தடுப்பு முதலில் ஜெல் வடிவில் வந்தது, உறவுக்கு முன் பெண் உள்ளே வைத்துக்கொள்ளும் ஜெல். அதன் வரலாறு பெரும்பாலும் தோல்வி வரலாறு, அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வந்ததன் அருமை புரியாது.

நோனாக்சினால்-9 என்று ஒன்று, கருத்தடைக்கு ஏற்கெனவே பயன்பட்டதுதான். குவாசுலு-நட்டாலில் லாரிகள் நிற்கும் இடங்களில் பாலியல் தொழில் செய்த பெண்களும் அந்தச் சோதனையில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தது. அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று குறையவில்லை, கூடியிருந்தது. அப்புறம் செல்லுலோஸ் சல்பேட் ஜெல், 2007 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த காராகார்ட், 2008இல் பயனில்லை என்று முடிவானது. பிஆர்ஓ 2000, அதுவும் 2009இல் போயிற்று.

இந்தச் சோதனைகள் பலவற்றில் டர்பன் பக்கத்து வேலையை நடத்தியவர் கீதா ராம்ஜி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்தப் பெண்களிடமே திரும்பிப் போய் இது வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டு அடுத்த ஆய்வைத் தொடங்க வேண்டியிருந்தது. 2020 மார்ச் 31 அன்று கோவிடில் இறந்துபோனார். கரிசல்காட்டான், பேப்பர் போட்டதும் விமானம் ஏறுகிறவர்கள் பட்டியலில் அவரைச் சேர்க்காதீர்கள்.

4 நவம்பர், பின்னால் சேர்த்தது

காராகார்டைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று, அது முக்கியம். கடைசி உறவின்போது ஜெல் வைத்தீர்களா என்று கேட்டால் 96 சதவீதம் ஆம் என்றார்கள். ஜெல்லை உள்ளே செலுத்தும் குழல்தான் அப்ளிகேட்டர். திருப்பிக் கொடுத்த அப்ளிகேட்டர்களில் சாயம் தெளித்து, உண்மையிலேயே உள்ளே போனதா என்று சோதித்தபோது கிடைத்த கணக்கு ஏறத்தாழ 42 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள், பின்னால் இதே கதை பெரிசாக வரும்.

6 நவம்பர்

"எல்லாம் தோல்வி என்றால் ஏன் இன்னும் பெருமை பேசுகிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2010க்கு வருகிறேன்.

சலீம், குரைஷா அப்துல் கரீம் தம்பதி நடத்தும் கப்ரிசா நிலையம் டர்பனில் இருக்கிறது. அங்கே எச்.ஐ.வி. சிகிச்சை மருந்தான டெனோஃபோவிரையே 1 சதவீத ஜெல்லாக்கி 889 பெண்களிடம் சோதித்தார்கள், ஒரு கிளினிக் டர்பன் நகரத்தில், இன்னொன்று வுலிண்ட்லெலா என்ற கிராமப்புறத்தில். முறை இதுதான்: உறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒன்று, உறவுக்குப் பின் 12 மணி நேரத்துக்குள் இன்னொன்று, ஒரு நாளில் இரண்டுக்கு மேல் கூடாது. கணவன் சுரங்கத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்த்து மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும் வீடுகள் நிறைந்த பகுதி அது. தினமும் வை என்று சொன்னால் பொருந்தாது என்பது ஊரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மருந்து ஜெல் வாங்கிய 445 பேரில் 38 பேருக்குத் தொற்று, மருந்தில்லாத வெற்று ஜெல் வாங்கிய 444 பேரில் 60 பேருக்கு. கணக்குப் போட்டால் 39 சதவீதம் குறைவு. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களிடம் 54 சதவீதம். வியன்னா எய்ட்ஸ் மாநாட்டில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பெண் கையில் இருக்கும் ஒன்று எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று முதன்முதலாக நிரூபணமானது அன்றைக்குத்தான், அதை நிரூபித்தது தென்னாப்பிரிக்கக் குழு.

சரி, அந்த ஜெல் இப்போது எந்த மருந்துக்கடையில் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். எங்கேயும் கிடைக்காது. அதை அடுத்துச் சொல்கிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

9 நவம்பர்

வாய்ஸ் என்று ஒரு பெரிய ட்ரையல். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்றிலும் சேர்த்து 5,029 பெண்கள். சிலருக்குத் தினசரி மாத்திரை, சிலருக்குத் தினசரி ஜெல், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் வெற்று ஜெல்லும். 2013இல் முடிவு வந்தது, எதுவும் பலிக்கவில்லை. 2015இல் தென்னாப்பிரிக்காவிலேயே 2,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஃபாக்ட்ஸ் 001 ஆய்விலும் ஜெல் கைகொடுக்கவில்லை.

மருந்து கெட்டதா? இல்லை. சேமித்து வைத்த ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். மாத்திரைக் குழுவினரின் மாதிரிகளில் 30 சதவீதம் அளவில்தான் மருந்து இருந்தது, ஜெல் குழுவில் 25. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒருதடவைகூட மருந்து தென்படவில்லை. ஆனால் கிளினிக்கில் கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோரும் தவறாமல் எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்கள், மிச்ச மாத்திரைக் கணக்கும் அதையே காட்டியது.

நான் வாய்ஸில் வேலை பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அதே மாகாணத்தில் வேறொரு ஆய்வின் டேட்டாவில் இருந்தேன். எங்களுக்கு வந்த படிவங்களும் அப்படித்தான் இருந்தன. "கடந்த ஏழு நாளில் எத்தனை தடவை தவறவிட்டீர்கள்" என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், மாசக்கணக்காகப் பூஜ்யம். வழக்கமாக நாங்கள் தேடுவது முரண்பாடு. இதில் முரண்பாடே இல்லை என்பதுதான் சந்தேகமாக இருந்தது. ஒரு தடவை கிளினிக்குக்கு நேரில் போய் அப்ளிகேட்டர் எண்ணும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் சூப்பர்மார்க்கெட் பையில் பயன்படுத்தியதாகச் சொன்ன அப்ளிகேட்டர்களைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். எல்லாமே ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் பிதுக்கித் தள்ளியது போல, ஜெல் ஒரே அளவுக்கு ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸ் பார்த்தார், அந்தப் பெண்ணும் பார்த்தாள், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. படிவத்தில் எண்ணிக்கை சரியாக ஏறியது.

வெளியே வந்ததும் நர்ஸிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இவள் மாமியார் வீட்டில் இருக்கிறாள், ஒரே அறை, ஒரே அலமாரி. எச்.ஐ.வி. மருந்து என்று எழுதிய டப்பாவை எங்கே வைப்பாள்?" என்று கேட்டார். வாய்ஸ் முடிந்தபின் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசிய ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான். நோயில்லாதவள் நோயாளியின் மாத்திரையை வைத்திருந்தால் ஊர் என்ன சொல்லும், துணைவன் என்ன நினைப்பான். அப்புறம் ஆய்வில் ஏன் சேர்ந்தார்கள்? நல்ல கிளினிக், மரியாதையாகப் பேசும் நர்ஸ், முறையான ரத்தப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டாம், பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் கொஞ்சம் ரேண்ட், அந்த நாட்டுப் பணம். இதில் தப்பு என்ன இருக்கிறது?

10 நவம்பர்

"அப்போ அந்தப் பெண்கள் ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று எழுதியவருக்கு: அப்படிச் சொல்லாதீர்கள். இளம்பெண்கள், கல்யாணமாகாதவர்கள், யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள்தான் மிகக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒரு தடுப்பு அவர்கள் வாழ்க்கைக்குள் நுழையவில்லை என்றால் அது தடுப்பின் குறை. மாதாமாதம் உங்களைக் கனிவாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸிடம் "நீங்கள் கொடுத்ததை நான் தொடவே இல்லை" என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம் ஊரில் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று டாக்டரிடம் தலையாட்டும் பெரியவர்களை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை.

13 நவம்பர்

கரிசல்காட்டான் நேற்று எழுதியது நியாயமான கேள்வி: "ஆராய்ச்சி உள்ளூர்க்காரர் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம், பலன் யாருக்குப் போனது?" முழுசாக மறுக்கவில்லை என்று முதல் நாளே சொன்னது இதனால்தான்.

கோவிட் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிச் சோதனை தென்னாப்பிரிக்காவிலும் நடந்தது, மக்கள் கையை நீட்டினார்கள். 2021 ஜனவரியில் பார்த்தால் அந்த நாட்டுக்குச் சொன்ன விலை ஒரு டோஸுக்கு 5.25 டாலர், ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது 2.16 டாலர் அளவு. அதே ஆண்டு நவம்பரில் போட்ஸ்வானாவின் கபோரோனில் சிகுலிலே மோயோவின் ஆய்வகத்திலும் தென்னாப்பிரிக்க ஆய்வகங்களிலும் ஒரு புது வைரஸ் வகை தென்பட்டது. வழக்கமான பிசிஆர் சோதனையில் ஒரு மரபணு மட்டும் அகப்படாமல் போவதைக் கவனித்து, உடனே முழு மரபணுவரிசையைப் படித்து, 24ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்திடம் சொன்னார்கள். 26ஆம் தேதி அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் வந்தது. அந்த இரண்டு மூன்று நாளுக்குள் பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா என்று வரிசையாகத் தெற்கு ஆப்பிரிக்க விமானங்களுக்குக் கதவை அடைத்தன. ஆய்வகத்துக்கு வர வேண்டிய வேதிப்பொருள்கூட விமானம் இல்லாமல் தாமதமாகும் என்று தென்னாப்பிரிக்க ஆய்வில் முன்னின்ற விஞ்ஞானி துலியோ டி ஒலிவேரா அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். முதலில் கண்டுபிடித்துச் சொன்னதற்குக் கிடைத்த கைம்மாறு அது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

13 நவம்பர், இன்னொன்று

உள்ளூர் அரசே குறுக்கே நின்ற காலமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தாபோ எம்பெக்கி அதிபராக இருந்தபோது எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே கேள்வி எழுப்பினார். 2000இல் டர்பன் மாநாட்டை ஒட்டி 5,000க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்டு, எச்.ஐ.வி.தான் காரணம் என்று அறிக்கை விட வேண்டிவந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கச் சொல்லி 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்டது, வழக்குப் போட்டது ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் இயக்கம். மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயிருக்கும் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் மதிப்பிட்டார்கள். ஆக, நல்ல ஆராய்ச்சி இருந்தால் போதும், மக்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொன்றும் தெருவில் இறங்கியோ கோர்ட்டுக்குப் போயோ வாங்கியதுதான்.

16 நவம்பர்

மேனேஜ்மென்ட்டில் பிஎச்.டி. செய்யும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், அங்குள்ள பல்கலைக்கழகங்களின் பேப்பர் எண்ணிக்கை எப்படி இவ்வளவு வேகமாக ஏறியது என்று கேட்டார். கிளை விஷயம், ஆனாலும் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் அங்கீகரித்த பட்டியலில் உள்ள ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தால் அரசு பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்கும், கட்டுரைக்கு 1,00,000 ரேண்டுக்கு மேல். சில பல்கலைக்கழகங்கள் அதில் ஒரு பங்கை எழுதியவரின் ஆய்வுக் கணக்கிலேயே போடும். நோக்கம் நல்லதுதான், வசதியில்லாத பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வுப் பணம் வரும். ஆனால் எண்ணிக்கைக்குக் காசு என்றால் என்ன ஆகும்? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலி ஜர்னல்களில் 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்கர்கள் எழுதிய 4,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்ததை ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்து யோஹான் மூட்டனும் அவர் சகாவும் 2017இல் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். ஆண்டுகள் போகப் போக அது வேகமாக ஏறியிருந்தது.

தம்பி, உங்கள் துறையிலும் இந்த ஆபத்து உண்டு. வழிகாட்டி உங்களை எந்த ஜர்னலுக்கு அனுப்பச் சொல்கிறார் என்று பாருங்கள். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்டால் அங்கே யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கட்டுரை என்றதும் சொந்த அனுபவம் ஒன்று. நாங்கள் பார்த்த ஒரு ஆய்வில், கிராமத்து கிளினிக்கை வருஷக்கணக்காக நடத்திய டாக்டரின் பெயர் கட்டுரையில் நடுவில் எங்கேயோ இருந்தது. பெருமை சேரும் இடங்களான முதலிலும் கடைசியிலும் இருந்தவர்கள் வெளிநாட்டு அலுவலகத்தில் இருந்தபடி டேட்டா வாங்கியவர்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த ஆய்வுக்கு அவர்கள் பணம் வேண்டுமே. இந்த விஷயத்தில் கரிசல்காட்டான் பக்கம்தான் நான்.

19 நவம்பர்

நேற்றைய செய்தி பார்த்தீர்களா? எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசியின் முதல் தவணை எஸ்வாட்டினிக்கும் ஜாம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாய்ஸ் கதைக்கு மறுபாதி இதுதான், விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது எதுவும் இளம்பெண்களுக்குச் சரிவராது என்று வாய்ஸ் சொன்னதை அங்குள்ள ஆய்வாளர்கள் காதில் வாங்கிக்கொண்டார்கள். பெண் உள்ளே வைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை மாற்றும் டாபிவிரின் மருந்து வளையம் 2016இல் வந்தது, பாதுகாப்பு 30 சதவீதம் அளவுதான், ஆனால் வழி அதுதான் என்று தெரிந்தது. அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி, கபோடெக்ராவிர். ஜோகன்னஸ்பர்க்கின் சினேட் டெலனி-மொரெட்ல்வே தலைமையில் ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 3,224 பெண்களிடம் சோதித்ததில் மாத்திரைக் குழுவைவிட 89 சதவீதம் குறைவு என்று தெரிந்து 2020 நவம்பரில் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

பிறகு லெனகாபவிர், வருஷத்துக்கு இரண்டே ஊசி. பர்பஸ் 1 ட்ரையல், கேப் டவுனின் லிண்டா-கேல் பெக்கர் தலைமையில். தென்னாப்பிரிக்காவில் 25 இடம், உகாண்டாவில் 3 இடம், 16 முதல் 25 வயதுக்குள் 5,338 பெண்கள். ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. பூஜ்யம். ஒரு மாத்திரைக் குழுவில் 2,136 பேரில் 39 பேருக்கும், இன்னொரு மாத்திரைக் குழுவில் 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்று வந்தது. மாத்திரையை இந்தத் தடவையும் பெரும்பாலோர் விழுங்கவில்லை, ரத்தம் அதையேதான் காட்டியது. இரண்டு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே வீடு. ஊசியை அலமாரியில் ஒளிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் செய்தார்கள். வழக்கமாக ட்ரையலில் ஒரு பெண் கர்ப்பமானால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு எந்த மருந்து பாதுகாப்பு என்று வருஷக்கணக்கில் தெரியாமலே போகிறது. இங்கே கர்ப்பமானவர்களும் விரும்பினால் தொடரலாம் என்று வைத்தார்கள், 16, 17 வயதுப் பெண்களையும் சேர்த்தார்கள். இப்படி வைத்தால்தான் பயன்படும் என்று ஆய்வை வடிவமைக்கும்போதே உள்ளூர் ஆலோசனைக் குழுக்கள் அழுத்திச் சொன்னவை இவை. எலிகள் என்றீர்களே, எலிகளிடம் யாரும் இப்படி ஆலோசனை கேட்பதில்லை.

20 நவம்பர்

"இளம்பெண்களுக்கு யாரிடமிருந்து வருகிறது என்று யாராவது பார்த்தார்களா?" பார்த்தார்கள். வைரஸின் மரபணுவரிசையை ஒப்பிட்டு யாரிடமிருந்து யாருக்கு என்று வலை வரைந்ததை 2016 டர்பன் மாநாட்டில் கப்ரிசா குழு காட்டியது. 25 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்குச் சராசரியாக எட்டு ஒன்பது வயது மூத்த ஆண்களிடமிருந்து வருகிறது. அந்தப் பெண்கள் வளர்ந்து, தம் வயதை ஒட்டிய ஆண்களோடு சேரும்போது அவர்களுக்குப் போகிறது. அந்த ஆண்கள் மறுபடியும் இளம்பெண்களுக்கு. இந்தச் சுற்று தெரிந்த பிறகு, முப்பது வயது ஆண்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கொடுப்பதே பெண்களைக் காப்பதில் பாதி வேலை என்று ஆயிற்று.

24 நவம்பர்

ரத்தம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவது பற்றி. அதைத் தடுக்க அங்குள்ளவர்களே எழுந்து நின்றதையும் சொல்ல வேண்டும். கலஹாரிப் பக்கம் வாழும் சான் மக்கள் 2017 மார்ச்சில் தங்களை ஆராய வருகிறவர்களுக்கு ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி நடப்பது, இந்த ஐந்தும்தான் தலைப்புகள். வருமுன் எங்களிடம் கேள், புரியும் மொழியில் சொல், திரும்பி வந்து முடிவைச் சொல், பலனில் பங்கு கொடு.

பின்னணி ஹூடியா செடி. வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்கச் சான் மக்கள் மெல்லும் செடி அது. தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனமே அதிலிருந்து உடல் இளைக்க மருந்து எடுக்கலாம் என்று காப்புரிமை வாங்கி ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது, சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தி வெளியே வந்து, வக்கீல் வைத்துப் பேசி, 2003இல்தான் பலனில் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. மருந்து கடைசியில் சந்தைக்கே வரவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் வழியில் 2019இல் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீருக்கும் சான், கொய் மக்களுக்குப் பங்கு கிடைத்தது. இங்கே சுரண்டப் பார்த்தது உள்ளூர் நிறுவனம்தான் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர், வெளியூர் என்று மட்டும் பிரித்துப் பார்த்தால் பாதி விஷயம் தப்பிப் போகும். என் முதல் பதிலில் உள்ளூர் என்பதற்கு நான் கொடுத்த அழுத்தத்தை இப்போது படித்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

29 நவம்பர்

இரண்டு நாளாக யோசித்து இன்னொன்றும் எழுதுகிறேன். ட்ரையல்தான் செய்தியாகும், ஆனால் வருஷக்கணக்கில் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு எழுதும் வேலையை யாரும் பேசுவதில்லை. குவாசுலு-நட்டாலின் வடக்கே ம்துபதுபா பக்கம் சோம்கெலே என்ற இடத்தில் 2000இலிருந்து இந்த வேலை நடக்கிறது. யார் பிறந்தார், யார் இறந்தார், எதனால், யார் எங்கே வேலைக்குப் போனார். களப்பணியாளர்கள் அந்த ஊர்க்காரர்கள், இசிசூலு மொழியில் பேசி, பாட்டிமாரோடு பாயில் உட்கார்ந்து, ஒரு சாவைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் முதலில் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்பார்கள்.

அந்த நோட்டுகளிலிருந்துதான் தெரிந்தது: 2003இல் அங்கே வயதுவந்தவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள் 49.2 வருஷம், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மருந்தை அரசு கொடுக்கத் தொடங்கிய பின் 2011இல் 60.5. எட்டு வருஷத்தில் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆயுள் கூடியிருக்கிறது. சிகிச்சை பரவலாகக் கிடைத்த பகுதியில் நோய் இல்லாதவர்களுக்குத் தொற்றும் ஆபத்தும் 38 சதவீதம் குறைந்திருந்தது. மருந்துக்குச் செலவழிப்பது வீண் என்று சொல்பவர்களுக்கு இந்த எண்களே பதில். அதை எழுதிய பாதிப்பேரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு உதவியை நிறுத்தியதும் முதலில் வேலை போனது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான். தென்னாப்பிரிக்க விஞ்ஞானி கிளெண்டா கிரே தலைமையில் ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே நடத்த இருந்த 4.5 கோடி டாலர் எச்.ஐ.வி. தடுப்பூசித் திட்டம் தொடங்கும் நேரத்தில் நின்றுபோனது. அமெரிக்கப் பணம் என்று கரிசல்காட்டான் சொன்னதில் உண்மை இங்கே இருக்கிறது. கேள்வியும் மூளையும் உழைப்பும் அந்த ஊருடையதாக இருந்தும், பணப்பை வேறொருவர் கையில் இருந்தால் ஒரு கையெழுத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. தென்னாப்பிரிக்க அரசு இதற்கு இன்னும் அதிகம் ஒதுக்க வேண்டும் என்று அங்குள்ள விஞ்ஞானிகளே ரொம்ப நாளாகக் கேட்டுவருகிறார்கள், நானும் அதையேதான் கேட்பேன்.

5 டிசம்பர்

லெனகாபவிர் ஊசி பற்றி வந்த மூன்று கேள்விக்கு ஒரே பதில்.

விலை: அமெரிக்காவில் இந்த ஊசி வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027இலிருந்து வருஷத்துக்கு 40 டாலர் அளவில் தருவதாகச் செப்டம்பரில் ஒப்பந்தமாகியிருக்கிறது. 2001இல் சிப்லா ஏ.ஆர்.வி. சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்னபோது உலக விலை 10,000 டாலருக்கு மேல் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு 39 மருந்துக் கம்பெனிகள் தென்னாப்பிரிக்க அரசின் மேலேயே வழக்குப் போட்டு, ஊர் உலகம் திட்டிய பிறகு வாபஸ் வாங்கின.

எல்லா நாட்டுக்குமா: இல்லை. மலிவாகத் தயாரித்து விற்கும் உரிமம் 120 நாடுகளுக்கு. தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் இதே மருந்தின் இன்னொரு சோதனையில் கலந்துகொண்ட பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நான்கும் வெளியே. சோதனைக்கு ஆள், மருந்துக்கு இல்லை. கரிசல்காட்டான், இந்த ஒரு வரிக்கு உங்கள் முதல் பதிவு அப்படியே பொருந்தும்.

சோதனையில் இருந்த பெண்களுக்கு: முடிவு தெரிந்ததும் எல்லாக் குழுவினருக்கும் அந்த ஊசியையே போட்டுக்கொள்ள வழி செய்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எப்போது என்பதுதான் பாக்கி. தென்னாப்பிரிக்காவில் அக்டோபரில் பதிவு கிடைத்துவிட்டது, இனி அரசு கிளினிக்கில் வர வேண்டும். ஊசி ஆறு மாசத்துக்கு ஒன்று என்றாலும் போடுவதற்கு நர்ஸ் வேண்டும், போடுமுன் பரிசோதனை வேண்டும். இந்த வருஷம் வேலை போன நர்ஸுகளையும் பரிசோதகர்களையும் திரும்ப எடுக்கிறார்களா என்று மாகாண பட்ஜெட்டில் பாருங்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன்.